சுமை எந்தப் பக்கம் இழுக்கிறது?

ஜிம்களில் தினமும் காணக்கூடிய பயிற்சி ஒன்று. தோளின் மேல் ஒரு கம்பைக் குறுக்காக வைத்து, இரு கைகளையும் அதன் மேல் போட்டுக்கொண்டு, இடமும் வலமுமாகத் திரும்பிக்கொண்டே இருப்பார்கள். நூறு, இருநூறு என்று எண்ணிக்கை ஏறும். இடுப்புச் சதை கரையும் என்பது நம்பிக்கை. ஓரிடத்தை அசைத்தால் அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரைவதில்லை. அது வேறு கதை. இங்கே பார்க்க வேண்டியது சுமையை. உடல் திரும்புகிறது, சரி. அப்படித் திரும்புவதை எதிர்த்து நிற்பது எது? ஏறக்குறைய எதுவுமே இல்லை. கம்பின் எடை தரையை நோக்கி இறங்குகிறது. அசைவோ தரைக்கு இணையாக நடக்கிறது. எடை ஒரு திசை, அசைவு ஒரு திசை. உடலைத் திருப்பும் வயிற்றுப் பக்கத் தசைகளுக்குச் சொல்லும்படியான வேலை எதுவும் கிடைக்காமலே இருநூறு முறை திரும்பி முடிகிறது. கம்புக்குப் பதில் கனமான பார்பெல் கம்பியை வைத்தால் முதுகெலும்பின் மேல் அழுத்தம்தான் கூடும். வேகமாகத் திருப்பினால் ஒவ்வொரு கோடியிலும் கம்பியின் வேகத்தைப் பிடித்து நிறுத்தும் பொறுப்பில் பெரும்பங்கு கீழ்முதுகின் தலையில் விழும்.

“மூன்று தளங்களிலும் பயிற்சி செய்யுங்கள்” என்ற அறிவுரை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பழுதாகிறது. கேட்டவர் முன்பின் அசைவு ஒன்று, பக்கவாட்டு அசைவு ஒன்று, திரும்பும் அசைவு ஒன்று என்று பட்டியல் போட்டுக்கொள்கிறார். உடல் எந்தத் தளத்தில் அசைகிறது என்பதை விட, சுமை எந்தத் தளத்தில் உடலை இழுக்கிறது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அசைவே இல்லாத பயிற்சியிலும் ஒரு தளம் கடுமையாக உழைக்கலாம். அசைவு தாராளமாக இருந்தும் அந்தத் தளத்தின் தசைகள் சும்மா இருக்கலாம்.

தளங்கள் எவை என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நிமிர்ந்து நின்று, கைகளைத் தொங்கவிட்டு, உள்ளங்கைகளை முன்புறம் காட்டி நிற்பதை உடற்கூறியல் அடிப்படை நிலையாக எடுத்துக்கொள்கிறது. அந்த உடலை இடப்பாதி, வலப்பாதி என்று நெடுக வகுப்பது சாஜிட்டல் தளம். குனிவது, நிமிர்வது, முழங்காலை மடக்குவது, பஸ்கி, சைக்கிள் எல்லாம் அதில் அடங்கும். முன்பாதி, பின்பாதி என்று வகுப்பது ஃப்ரன்டல் தளம். கையைப் பக்கவாட்டில் உயர்த்துவது, காலை அகட்டுவது, ஒருபக்கமாகச் சாய்வது இதில் வரும். மேல்பாதி, கீழ்ப்பாதி என்று வகுப்பது டிரான்ஸ்வர்ஸ். திரும்புவதும் முறுக்குவதும் இதற்குரியவை. இந்த அத்தியாயத்தில் இவற்றை முன்பின் தளம், பக்கத் தளம், சுழல் தளம் என்று சொல்வோம். பெயர்களை மனப்பாடம் செய்வதில் பெரிய லாபம் இல்லை.

லாபம் இருப்பது வேறோர் இடத்தில். தளங்கள் உடலோடு கூடவே வருபவை. புவியீர்ப்பு எப்போதும் தரையை நோக்கித்தான். நின்றுகொண்டு, இரு கைகளிலும் டம்பெல்லைப் பிடித்து, தோள் உயரத்தில் முன்னே நீட்டி, கைகளை விரித்து விரித்துச் சேர்ப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். மார்புக்குச் செய்வதாக அவர்கள் நினைப்பார்கள். கைகள் சேர்வது சுழல் தளத்தில்தான், அது மார்புத்தசையின் அசைவும்தான். ஆனால் டம்பெல் கீழே இழுக்கிறது. அதைத் தாங்கி நிற்பது தோள்தசை. மார்புக்குக் கிடைப்பது சொற்பம். அதே டம்பெல்லோடு பெஞ்சில் மல்லாந்து படுத்து அதே அசைவைச் செய்யுங்கள். தளம் உடலோடு சேர்ந்து படுத்துவிட்டது. எடையின் இழுப்பு இப்போது கைகளை விரிக்கப் பார்க்கிறது. மார்பு முழுமூச்சாக வேலை செய்கிறது. அசைவு ஒன்று, தளம் ஒன்று, பயிற்சிகள் மட்டும் இரண்டு. ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்கும் பயிற்சியும் இதே கணக்கில்தான் பக்கத் தளத்துக்குச் சுமை தருகிறது. ரப்பர் பேண்டும் கேபிள் மெஷினும் இன்னும் வசதி: எங்கே கட்டுகிறோமோ அந்தப் பக்கம் இழுக்கும். நின்றபடியே சுழல் தளத்தில் சுமை வேண்டுமென்றால் எளிய வழி அதுதான்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். வலக்கையில் மட்டும் தண்ணீர் நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு நேராக நடப்பவரின் நடு உடலில் பக்கவாட்டு அசைவு எதுவும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அங்கே நடக்கும் உழைப்பு. வாளி வலப்பக்கம் சாய்க்கப் பார்க்கிறது. இடப்பக்க விலாவுக்கும் இடுப்புக்கும் இடையே உள்ள தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. அந்த இழுப்பெல்லாம் முதுகெலும்பின் மேல் கூடுதல் அழுத்தமாகச் சேர்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மெக்கில்லின் குழு 2013-ல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது: 30 கிலோவை ஒரே கையில் தூக்கி நடப்பது, கைக்கு 15 கிலோவாகப் பிரித்துத் தூக்குவதை விடக் கீழ்முதுகின் மேல் அதிகச் சுமை ஏற்றுகிறது. மொத்த எடை மாறவில்லை. சுமை இழுக்கும் தளம் மாறிவிட்டது. கடைக்குப் போய்த் திரும்புகிறவருக்கு இதன் பொருள் பைகளை இரண்டாகப் பிரித்துக்கொள்வது. பயிற்சி செய்பவருக்கோ நேர் எதிர்: அளவான எடையை வேண்டுமென்றே ஒரு கையில் பிடித்தால் பக்கத் தளத்துக்கான பயிற்சி அங்கேயே கிடைக்கிறது.

இந்த வாதத்தின் ஆணிவேர் இடுப்பு மூட்டில் இருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக்காலில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஊன்றிய காலின் எடை சுமார் 10 கிலோ. மீதி 50 கிலோ அந்தப் பக்க இடுப்பு மூட்டின் மேல் அமர்கிறது. ஆனால் நேர் மேலே அமர்வதில்லை. அந்த 50 கிலோவின் மையம் மூட்டிலிருந்து உடலின் நடுப்பக்கமாக ஏறத்தாழ 10 செ.மீ. தள்ளி நிற்கிறது. ஆகவே தூக்கிய கால் இருக்கும் பக்கமாக இடுப்பெலும்பு சரியப் பார்க்கும். அதைச் சரியவிடாமல் பிடிப்பவை இடுப்பின் வெளிப்பக்கத் தசைகள், முக்கியமாகக் குளூட்டியஸ் மீடியஸ். அவை இழுக்கும் கோடு மூட்டிலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. தூரத்தில்தான் ஓடுகிறது. நெம்புகோலின் நீளம் பாதி என்றால் விசை இருமடங்கு வேண்டும்: 100 கிலோவைத் தூக்குவதற்குச் சமமான இழுப்பு. இரண்டும் சேர்ந்து மூட்டின் மேல் 150 கிலோ, அதாவது உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு. அளவுகள் ஆளுக்கு ஆள் மாறும், கணக்கின் போக்கு மாறாது. இந்தத் தசைகள் வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃப்ரீட்ரிக் டிரெண்டலன்பர்க் 1895-ல் விவரித்தார். ஒற்றைக்காலில் நிற்கும்போது எதிர்ப்பக்க இடுப்பு கீழே இறங்குவதற்கு இன்றும் மருத்துவத்தில் அவர் பெயர்தான்.

நடையில் ஒவ்வொரு அடியும் ஒற்றைக்கால் நிலை. ஓட்டத்தில் இரண்டு காலும் ஒருசேரத் தரையில் இருக்கும் கணமே கிடையாது; காலூன்றும் ஒவ்வொரு முறையும் தரையின் எதிர்விசை உடல் எடையைப் போல இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. டிரெட்மில்லில் ஓடுகிறவரைப் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாமே முன்பின் தளம். பின்னால் நின்று பார்த்தால் ஒவ்வொரு அடியிலும் இடுப்பு சரியாமல் தாங்கப்படுவது தெரியும். மேலிருந்து பார்த்தால் இடுப்பும் தோளும் எதிரெதிராகத் திரும்புவது தெரியும். பட்டியலில் “ஓட்டம்: முன்பின் தளம்” என்று எழுதுவது அசைவைக் குறித்த அளவில் சரி, தசைகளின் வேலையைக் குறித்த அளவில் தவறு. இதே கணக்கு இன்னோர் இடத்திலும் உதவும். இடுப்பு மூட்டு வலி உள்ள பெரியவர்கள் பலர் கைத்தடியை வலிக்கும் பக்கத்திலேயே ஊன்றுகிறார்கள். எதிர்ப்பக்கக் கையில் ஊன்றினால் தடி மூட்டிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்பதால், சிறு அழுத்தமே அந்தத் தசைகளின் சுமையை நன்றாகக் குறைத்துவிடும்.

தளம் பார்த்துச் சுமை தருவதால் நடைமுறையில் ஏதாவது மாறுகிறதா? கால்பந்து இதற்கு நல்ல சான்று தருகிறது. நார்வேயில் 35 ஆண்கள் அணிகளை வைத்து நடத்தி 2019-ல் வெளியான சோதனையில், ஒரு பகுதி அணிகளுக்கு உள்தொடைத் தசைக்கான ஒரே ஒரு பயிற்சியைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒருக்களித்துப் படுத்து, மேல்காலை இன்னொருவர் பிடித்துக்கொள்ள, முழங்கையிலும் அந்தக் காலிலும் உடலைத் தூக்குவது. கோபன்ஹேகன் பயிற்சி என்று பெயர். சுத்தமான பக்கத் தளச் சுமை. சீசன் நடக்கும்போது வாரம் ஒருமுறைதான் செய்தார்கள். தொடையிடுக்குத் தொல்லைகளுக்கான வாய்ப்பு அந்த அணிகளில் 41 சதவீதம் குறைவாக இருந்தது. அந்த வீரர்கள் ஏற்கெனவே ஓடி, குதித்து, எடை தூக்கிப் பழகியவர்கள் என்பதை மறக்கக் கூடாது. அவர்களிடம் உழைப்புக்குக் குறைவில்லை. குறிப்பிட்ட திசையில் சுமைதான் குறைவாக இருந்தது.

எல்லாச் சான்றும் இவ்வளவு தெளிவாக வாதத்துக்குத் துணை வருவதில்லை. 2005-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 205 வீராங்கனைகளைக் குதித்து இறங்க வைத்து அளந்தார்கள். பின்னாளில் முழங்காலின் ஏ.சி.எல். தசைநார் கிழிந்த 9 பேருக்கு, முன்பே இறங்கும்போது முழங்கால் மற்றவர்களை விடச் சராசரியாக அதிகம் உள்நோக்கிச் சாய்ந்திருந்தது. பக்கத் தளம் பற்றிப் பேசும் எல்லோரும் எடுத்துக்காட்டும் ஆய்வு இது. ஆனால் 9 பேர் என்பது சின்ன எண். 2016-ல் வெளியான ஆய்வில், நார்வேயில் 700-க்கும் மேற்பட்ட கால்பந்து, ஹேண்ட்பால் வீராங்கனைகளிடம் இதே வகைச் சோதனை செய்தபோது, யாருக்குக் காயம் வரும் என்று அதை வைத்துச் சொல்ல முடியவில்லை. ஆகவே கண்ணாடி முன் குதித்துப் பார்த்து “உனக்கு முழங்கால் போகப்போகிறது” என்று பயமுறுத்தும் பயிற்சியாளரை நம்ப வேண்டாம். வயதானவர்கள் விஷயத்தில் சான்று உறுதியானது: பக்கவாட்டில் விழும்போது இடுப்பு எலும்பு முறியும் ஆபத்து மற்றத் திசைகளில் விழுவதை விட ஏறத்தாழ ஆறு மடங்கு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பக்கத்தில் தடுமாறும்போது சட்டென்று ஓரடி தள்ளி ஊன்றத் தெரிந்த கால், கபடி விளையாடும் இளைஞனை விட எழுபது வயதுக்காரருக்கு அதிகம் தேவை.

இனி எதிர்வாதங்கள். நிஜ அசைவு எதுவும் ஒரே தளத்தில் நடப்பதில்லை. பந்து எறிவது, படியேறித் திரும்புவது, குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைப்பது எல்லாம் கலவை. அப்படியிருக்க இந்தப் பிரிவினை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். வரைபடத்தில் உள்ள அட்சரேகையும் தீர்க்கரேகையும் நிலத்தில் கிடையாது. ஊர் எங்கே இருக்கிறது என்று சொல்ல மட்டும் அவை வேண்டும். தளங்களும் அப்படித்தான். கலவையான அசைவில் எந்தப் பங்கு பலவீனம் என்று பிரித்துச் சொல்லவே அவை பயன்படும். இடுப்பு சரிகிறதா, முதுகு திரும்பிவிடுகிறதா என்று தனித்தனியே பார்க்கத் தெரியாதவர், “பேலன்ஸ் இல்லை” என்று மொத்தமாகச் சொல்லி நின்றுவிடுவார்.

இன்னொரு வாதம் வலுவானது. ஸ்குவாட், டெட்லிஃப்ட், புஷ்அப், ரோ இவற்றை ஒழுங்காகச் செய்தாலே போதும். வாரத்தில் மூன்று மணி நேரம் கிடைப்பதே பெரிது. அதைப் பங்குபோட்டுச் சிதறடிக்காதே என்பது. இதில் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்ள வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் முதல் இரண்டு மூன்று மாதம் இவற்றைத் தாண்டி யோசிக்கவே வேண்டியதில்லை. ஆனால் இரு கால்களிலும் சமமாக நின்று, இரு கைகளாலும் சமமாகப் பிடிப்பதால்தான் பார்பெல்லில் அவ்வளவு எடை தூக்க முடிகிறது. பக்கவாட்டிலும் சுழற்சியிலும் வரும் இழுப்பை அந்தச் சமநிலையே பெரும்பாலும் ரத்து செய்துவிடுகிறது. 100 கிலோ ஸ்குவாட் செய்பவரின் ஒற்றைக்கால் நிலை தானாக உறுதிப்பட்டிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தீர்வு, புதிய பயிற்சிகளைக் குவிப்பதில் இல்லை. இருக்கும் பயிற்சியில் ஓர் ஊன்றலை எடுத்துவிடுவதில் இருக்கிறது.

திரும்பும் பயிற்சி முதுகுக்கு ஆபத்து என்பது அடுத்தது. ஆபத்து எங்கே என்பதை எலும்பின் அமைப்பே சொல்கிறது. கீழ்முதுகின் முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள சிறு மூட்டுகள் குனிந்து நிமிர வழிவிடும் வாக்கில் அமைந்தவை. திரும்புவதற்கு ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக்கு 1 அல்லது 2 டிகிரிதான் இடம் தரும். நெஞ்சுப்பகுதி முதுகு மொத்தமாக 30 டிகிரிக்கு மேல் திரும்பும். இடுப்பு மூட்டுகளும் தாராளமானவை. ஆகவே சுழல் தளத்தில் கீழ்முதுகின் வேலை பெரும்பாலும் திரும்பாமல் இருப்பது. சுமையோடு குனிந்துகொண்டே திரும்புவதுதான் தவிர்க்க வேண்டியது. எலும்புத் தேய்வு உள்ளவர்களும் டிஸ்க் பிரச்சினை உள்ளவர்களும் கட்டாயம் தவிர்க்க வேண்டும். அதற்காகத் தளத்தையே ஒதுக்கிவிட்டால், பேருந்து பிரேக் போடும்போது கம்பியைப் பிடித்திருக்கும் உடலை எது தாங்கும்?

‘ஃபங்ஷனல் டிரெயினிங்’ என்ற பெயரில் விற்கப்படும் வித்தைகள் மேல் சந்தேகம் கொள்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆடும் பந்தின் மேல் நின்றால் உடல் எல்லாத் திசையிலும் தள்ளாடும். ஆனால் தசை வெளிப்படுத்தும் விசை வெகுவாகக் குறைந்துவிடும். தள்ளாட்டத்தைச் சுமை என்று எண்ணிவிடக் கூடாது. இதற்கு நேர்மாறாகக் கர்லாக்கட்டையைப் பாருங்கள். சுழற்றும்போது எடை கீழே இழுப்பதோடு, சுழற்சியின் வேகம் வெளியேயும் இழுக்கிறது. தலைக்குப் பின்னால் போகும்போது ஒரு திசை, பக்கத்தில் இறங்கும்போது வேறு திசை. ஒரே சுற்றில் உடம்பு மூன்று தளத்திலும் மாறி மாறித் தாங்க வேண்டியிருக்கிறது. தோளில் கம்பு வைத்துத் திரும்புவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இங்கே நிஜமாகவே சுமை இருக்கிறது என்பதுதான்.

நடைமுறைக்கு வருவோம். முதலில் கண்ணாடி முன் நின்று, இரு கைகளையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வைத்து, ஒரு காலைத் தூக்கி அரை நிமிடம் நில்லுங்கள். தூக்கிய பக்கத்துக் கை கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்காமலே மேலுடம்பு ஊன்றிய காலின் பக்கம் சாய்ந்தாலும் அதுவும் அதே பலவீனத்தின் மாறுவேடம்தான்: எடையை மூட்டுக்கு நேர் மேலே கொண்டுவந்து தசையின் வேலையைக் குறைத்துக்கொள்கிறது உடல். இடம், வலம் இரண்டையும் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பலவீனமான பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

அடுத்து, உங்கள் வழக்கமான ஸ்குவாட்டின் கடைசி இரண்டு செட்டை மட்டும் மாற்றுங்கள். முழங்கால் உயரத்துக்குச் சற்றுக் குறைவான பெஞ்சில் ஒரு காலால் ஏறி இறங்குவது. டம்பெல் ஒன்றே ஒன்று, ஏறும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். அதே பக்கக் கையில் பிடித்தால் எடை இடுப்புத் தசைக்கு உதவிக்கு வந்துவிடும். எதிர்ப்பக்கத்தில் பிடித்தால் சுமை கூடும். தொடக்கத்தில் 4, 5 கிலோவே போதும். இரு கைகளிலும் டம்பெல் பிடித்து நடப்பவர்கள் ஒன்றைக் கீழே வைத்துவிட்டு, மற்றதோடு 20 மீட்டர் நடந்து கை மாற்றிக்கொள்ளலாம். தோள்கள் சமமாக இருக்க வேண்டும், எடையின் எதிர்ப்பக்கம் வளையக் கூடாது. பிளாங்க் செய்பவர்கள் சைடு பிளாங்குக்கு மாறலாம். கோபன்ஹேகன் பயிற்சியை நேரே தொடங்க வேண்டாம். காலின் பாதத்துக்குப் பதில் முழங்காலைப் பெஞ்சில் ஊன்றிச் செய்தால் நெம்புகோல் குட்டையாகிச் சுமை பாதிக்கு இறங்கும். மறுநாள் உள்தொடை நன்றாக வலிக்கும் என்பதால் முதல் வாரம் பக்கத்துக்கு ஐந்தாறு முறைக்கு மேல் போகாதீர்கள்.

தோளில் கம்பு வைத்துத் திரும்புவதற்கு மாற்று இது. ரப்பர் பேண்டை நெஞ்சு உயரத்தில் ஜன்னல் கம்பியிலோ தூணிலோ கட்டி, அதற்குப் பக்கவாட்டாக நின்று, மறுமுனையை இரு கைகளாலும் நெஞ்சோடு பிடியுங்கள். கைகளை மெதுவாக நேர்முன்னே நீட்டுங்கள். நீள நீளப் பேண்டு உங்களைத் தன் பக்கம் திருப்பப் பார்க்கும். தோளும் இடுப்பும் திரும்பாமல் இரண்டு மூன்று விநாடி நின்று கைகளை மடக்குங்கள். பக்கத்துக்கு எட்டு முதல் பத்து முறை, இரண்டு செட். பாலாஃப் பிரஸ் எனப்படும் இந்தப் பயிற்சி ஒரு மாதத்தில் கைவந்த பிறகு, பின்காலின் குதிகாலைத் தூக்கி இடுப்போடு சேர்த்துத் திரும்பும் கேபிள் பயிற்சிக்கும், சுவரில் மெடிசின் பந்து எறிவதற்கும் போகலாம். எறியும் பந்து 2, 3 கிலோவைத் தாண்டினால் வேகம் செத்துவிடும். பேண்டை இறுக்குவதற்கு முன் ஒன்றைச் சோதியுங்கள்: கைகளை முழுதாக நீட்டிய நிலையில் இயல்பாக மூச்சு விட முடிகிறதா? மூச்சை அடக்கினால்தான் நிற்க முடிகிறது என்றால் தூணுக்கு ஓரடி பக்கத்தில் வந்துவிடுங்கள்.